ஒன்பது வீட்டுக்குப் போன தக்காளிக்காய்

“...அப்ப அந்த எட்டு வூட்டுக்கும் ஒரு சட்டம், உங்க வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டமுங்களா அங்கிள்?”

இதைக் கேட்ட பெண்ணின் பெயர் சுமதி. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயதிருக்கும். என் வீட்டுப் பின்புறத்தில், என் தக்காளிச் செடிக்கு எதிரில் நின்றுகொண்டு கேட்டாள். கையில் குப்பைக்குப் போடுகிற கறுப்புப் பைச் சுருள் ஒன்று இருந்தது. நான் செடியை மறைத்தாற்போல் நின்றிருந்தேன். செடி என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தது, எங்கே மறைப்பது?

அவள் அடுத்து என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முன்கதை தெரியாமல் அதைச் சொன்னால், ‘இதில் என்ன இருக்கிறது, சும்மா ஒரு தக்காளிச் செடி’ என்று விட்டுவிடுவீர்கள். நீங்கள் மூன்று பேரும் இந்த வசந்தத்தில், செடி விற்கிற நம் நர்சரியின் கேள்விக் கவுண்டரில் உட்காரப் போகிறீர்கள். மருந்தை எத்தனை தண்ணீரில் கலப்பது என்பது டப்பா மேலேயே எழுதியிருக்கிறது. பூச்சிகளின் படங்கள் டிராயரில் இருக்கின்றன. எங்கேயும் எழுதி வைக்காதது இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைப் பற்றியது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றியும்தான்.

நான் படித்து வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் இல்லை. தொண்ணூறில் மனைவிக்கு மருந்துக் கம்பெனி லேபில் வேலை கிடைத்து நியூஜெர்சி வந்தோம். என் டிப்ளமா லேத்து பிடிக்கிற டிப்ளமா. இங்கே அதை யாரும் சீண்டவில்லை. நர்சரியில் உர மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் பிஸ்கட்டவே, எடிசன் என்று பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற நம் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க தமிழா?” என்று ஆரம்பித்து, பாகற்கொடியிலிருந்து கறிவேப்பிலை வரை கேட்பார்கள். பாதிக்குப் பதில் தெரியாது. கேட்டுவந்து சொல்வேன். அப்படியே ஒருநாள் மூட்டையைக் கீழே வைக்கச் சொல்லி என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். இது காதால் வந்த வேலை.

அந்தக் காதில் விழுந்ததையெல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். “எங்க தக்காளிக்கு மூடு சரியில்லை.” “செடி என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குது.” “வாட்டர் குடுத்தேன், ஃபுட் குடுத்தேன், இன்னும் என்னதான் வேணுமாம் அதுக்கு?” வளர்ந்த மகனைப் பற்றிச் சொல்வதுபோல ஒருவர் இதைச் சொன்னார். ஆனால் எல்லாரும் தவறாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. கோடை முழுக்க, காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் வரை கேட்பீர்கள்: “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.” என் தலைமுடி போனதில் இந்த வாக்கியத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. எந்தச் செடியும் நேற்று வரைக்கும் நன்றாக இருந்துவிட்டு இன்றைக்குச் சாய்வதில்லை. பத்து நாளாக அது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, இவர்கள்தான் பார்க்கவில்லை. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாதீர்கள்.

அப்போது கவுண்டருக்குப் பொறுப்பாக இருந்தது ஓர் அமெரிக்கப் பெண். என் வயதில் ஏறக்குறைய பாதி. செடி நோய்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஆரம்பத்தில் அவள் என்னைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். அவள் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். ஒன்றைக் கேட்டேன். இன்னொன்றைக் கேட்காமல் போனேன்.

கேட்டது இது. வந்தவரிடம் என்ன போட்டீர்கள் என்று கேள். அவர் சொல்லி முடித்ததும் ‘வேறு ஏதாவது?’ என்று கேள். அதற்கும் சொல்லி முடித்தால் திரும்பவும் ‘வேறு ஏதாவது?’ என்று கேள். அவருக்குக் கோபம் வரும்வரை நிறுத்தாதே.

ஒரு சனிக்கிழமை சாஃப்ட்வேர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். கருகின தக்காளி இலையை உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அவ்வளவு ஒழுங்கான ஆள். என்ன போட்டீர்கள் என்றேன். ஒன்றுமே போடவில்லை, ஆர்கானிக் என்றார். வேறு ஏதாவது என்றேன். கொஞ்சம் மோர் என்றார். வேறு ஏதாவது? கிருமி வரக்கூடாதென்று மஞ்சள் தண்ணீர். வேறு ஏதாவது? எறும்புக்காகக் கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற சோப்பு. அவர் முகம் சிவக்க ஆரம்பித்தபோது பக்கத்தில் நின்ற மனைவி, “டைல்யூட் பண்ணாம ஊத்தினீங்களே அந்தப் பச்சைத் தண்ணி, அதைச் சொல்லுங்க” என்றார். அது நம் கடை உரம். ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலக்க வேண்டியதை அப்படியே வேரில் கவிழ்த்திருக்கிறார். செடிக்கு நோயே இல்லை. அன்பு தாங்காமல் செத்திருக்கிறது.

சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன். அவர் அதற்கப்புறம் நம் கடைப் பக்கமே வரவில்லை.

இனி, கேட்காமல் போனதைச் சொல்கிறேன்.

சுமதி பொள்ளாச்சிக்காரி. கணவன் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் ஆள். இவள் வந்திருந்தது வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில். வீட்டு லீஸ் கணவன் பெயரில், கார் கணவன் பெயரில், போன் பில் கணவன் பெயரில். லைப்ரரி கார்டு மட்டும் தன் பெயரில் என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். வாடகை வீட்டுக்குப் பின்னால் நல்ல வெயில் விழுகிற துண்டு நிலம் இருந்தது. அதில், ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டுத் தக்காளி விதையைப் போட்டாள். தட்டையாக, பூசணி மாதிரி வரிவரியாக, நாக்கைச் சுண்டுகிற புளிப்போடு காய்க்கும். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற தக்காளியில் ரசம் வைத்து வைத்து வெறுத்துப்போயிருந்த சுற்றுவட்டாரத் தமிழ் வீடுகளில் அது பேர் வாங்கிவிட்டது. ‘சுமதி தக்காளி’ என்றே சொல்வார்கள். வருடா வருடம் பழத்திலிருந்து விதை எடுத்து, குளிர்காலம் முடிவதற்குள் தயிர் டப்பாக்களில் நாற்று விட்டு, ஹீட்டர் பக்கத்து ஜன்னலில் வரிசையாக வைத்திருப்பாள். அந்த வருடம் எட்டு வீட்டுக்குக் கொடுத்தாள். ஒன்பதாவது என் வீடு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூலை. வாரம் முழுக்க மழை, போர்வை தேடுகிற குளிர்ச்சி. தக்காளிக்கு இதைவிட மோசமான வானிலை கிடையாது. வியாழக்கிழமை சுமதி ஓர் எவர்சில்வர் டப்பாவோடு கவுண்டருக்கு வந்தாள். திறந்தால் உள்ளே நாலு இலை. எண்ணெய் ஊறியதுபோல் கறுத்த திட்டு. திருப்பினால் அடியில் வெள்ளையாகப் பூசணம். கூடவே ஒரு தண்டுத் துண்டு, வெந்துபோன நிறத்தில். கடையில் இந்தக் கருகல் நோய்க்கு லேட் பிளைட் என்று பெயர். இதற்கு மருந்து கிடையாது. வருமுன் அடித்தால் உண்டு, வந்தபின் இல்லை. காற்றில் பறந்து அடுத்த தெருவுக்குப் போகும்.

மேலதிகாரிப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் டப்பாவுக்குள் ஒரு பார்வைதான் பார்த்தாள். வேகமாகச் சொன்னாள்: செடி முழுக்க, வேரோடு, காயோடு, கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைக்கவேண்டும், இன்றைக்கே, தோட்டத்திலிருந்து ஓர் இலைகூட, ஒரு காய்கூட வெளியே போகக்கூடாது. சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள்.

சுமதி என் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க சொல்றாங்க அங்கிள்?”

அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அவ்வளவு வேகத்தில் பிடிபடவில்லை. அப்புறம், இந்த மாதிரிச் செய்தியைத் தமிழில் இன்னொரு தரம் கேட்டால் வேறாக இருக்குமோ என்று ஓர் ஆசை. அந்த ஆசையை எல்லார் கண்ணிலும் பார்ப்பீர்கள். செடியையெல்லாம் பிடுங்கிப் பையில் கட்டிவிட வேண்டும், இன்றைக்கே செய்ய வேண்டும் என்றேன்.

“பூவும் பிஞ்சுமா நிக்குதுங்க. காய்க்கிற செடியைப் புடுங்கறதுங்களா?” என்றாள். பிறகு மெதுவாக, “இந்த ஊர்ல என் பேரைச் சொல்றது அது ஒண்ணுதானுங்க அங்கிள்” என்றாள்.

விதை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அத்தனையையும் நாற்று விட்டுவிட்டாள். நாலே நாலு விதையை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபமே வந்தது. கேட்டு வருகிறவர்களிடம் இல்லையென்று எப்படிச் சொல்வதாம். ஊரில் தம்பியைக் கேட்டுப் பார்த்தாளாம், அங்கே இப்போது எல்லாரும் பாக்கெட் விதைதானாம். ஆக, செடியில் ஒரு பழம் பழுத்தால்தான் அடுத்த வருடத்துக்குச் சுமதி தக்காளி. பழம் பழுக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது. செடிக்கு இருந்ததோ இரண்டு மூன்று நாள்.

“காயெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதையாவது பறிச்சுக்கலாமுங்களா?”

அந்தப் பெண் காயோடு என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்திருந்தது. ஆனாலும் எதிரில் நிற்கிற முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கிற காயைப் பறிச்சுக்கோம்மா” என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை, ஒரு நோயைத் தவறாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு காயைக் கீழே போட்டுவிட்டேன். காயைப் பற்றிச் சொன்னாயா என்று அந்தப் பெண் பிறகு கேட்டாள். சொன்னேன் என்றேன். காயைப் பற்றி ஏதோ சொன்னது உண்மைதானே.

இதில் கவனமாக இருங்கள். நம் ஆட்களுக்காக உங்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கெட்ட சேதி உங்கள் வாய்வழியாகத் தமிழில் போகும்போது கொஞ்சம் சுருங்கும். ‘பிடுங்கு’ என்பது ‘பார்த்துக்கலாம்’ ஆகும். ‘ஒன்றுகூட’ என்பது ‘நல்லா இருக்கிறதை மட்டும்’ ஆகும். நீங்களாகச் சுருக்க வேண்டாம், அது தானே சுருங்கும்.

சுமதி நான் சொன்னதை அப்படியே செய்தாள். அன்றைக்கே இருபத்திரண்டு செடியையும் பிடுங்கிப் பையில் கட்டிவிட்டாள். அதற்கு முன் காயையெல்லாம் பறித்தாள், இரண்டு பக்கெட் நிறைய. நம் வீடுகளில் அவ்வளவு பச்சைக் காயைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? ஞாயிற்றுக்கிழமை கணவனைக் காரோட்டச் சொல்லி, நாற்று கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மனைவி பாதியைக் கூட்டு வைத்தாள், பாதியைத் துவையல் அரைத்தாள். அடியில் கிடந்த ஐந்தாறு காய் பழுப்பேறிக் கெட்டிருந்தது என்று, நறுக்கிய தோலோடு சேர்த்து அதைக் கொல்லையில் குப்பை மட்க வைக்கிற மூலையில் கொட்டினாள். என் தக்காளிச் செடியிலிருந்து அந்த மூலை நாலடி. எட்டு வீட்டிலும் அப்படித்தான், குப்பைக் குவியல் செடிக்குப் பக்கத்தில்தான். அப்படி வைக்கச் சொல்லி அந்த எட்டுப் பேருக்கும் கவுண்டரில் யோசனை சொன்னவன் யார் என்று நினைக்கிறீர்கள்?

துவையல் பிரமாதமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூளைக்கும் விடுமுறை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கடைக்கு போன் வந்தது. மாலினி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், பல் டாக்டர், அந்த எட்டு வீட்டில் ஒருவர். “தம்பி, நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது” என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, என்ன போட்டீர்கள் என்றேன். ஒன்றுமில்லை. வேறு ஏதாவது? தண்ணீர்தான். வேறு ஏதாவது?

“என்ன தம்பி, திரும்பத் திரும்பக் கேட்கிறீர். நான் ஒண்டும் போடேல்லை. சுமதி தந்த காயில நாலைஞ்சு அழுகிப் போச்சுது, அதைச் செடிக்குப் பக்கத்தில எறிஞ்சனான். அவ்வளவுதான்.”

போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் எதிரில் ஒரு காகிதம் இருந்தது. அதில் எட்டு வீடு, என்னுடையதோடு ஒன்பது என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு வீட்டிலிருந்து போன்.

அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. எந்தெந்த வீடு என்று யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டாள். சுமதிக்குத்தான் தெரியும். அப்படியானால் அவளைக் கூப்பிடு, எல்லாவற்றையும் சொல், இந்தத் தடவை நான் சொன்னதை அப்படியே சொல் என்றாள்.

சுமதிக்குப் போன் செய்தேன். காற்றிலும் வந்திருக்கலாம் என்று ஆரம்பித்தேன். அது பொய்யில்லை. காற்றா, பையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் மூன்று வீட்டிலும் குவியல் பக்கத்துச் செடியில்தான் முதல் திட்டு விழுந்திருந்தது. அவள் குறுக்கிட்டு, தன் காயாலா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அப்புறம், காயையும் பையில் போடச் சொல்லித்தான் அந்தப் பெண் அன்றைக்குச் சொன்னாள், நான்தான் சொல்லாமல் விட்டேன் என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றேன்.

“என் மூஞ்சியைப் பாத்து நீங்க எதுக்குங்க முடிவு பண்றீங்க? நான் தாங்க மாட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

இத்தனை வருடத்தில் கவுண்டரில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. அந்தப் பெண் இரண்டாவதாகச் சொன்ன விஷயமும் இதுவேதான், வேறு வார்த்தையில். முதல் வாரமே சொல்லியிருந்தாள்: வந்தவர் எதைத் தாங்குவார் என்று நீ கணக்குப் போடாதே, செடிக்கு என்ன என்பதைச் சொல். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுமதி அழவில்லை. எத்தனை பை வேண்டும் என்று கேட்டாள். கடைக்கு வந்து சுருளை வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினாள். வெள்ளி, சனி, ஞாயிறு மத்தியானம் வரை எட்டு வீடு. தன் காயால் வந்தது என்று எல்லா வீட்டு வாசலிலும் அவளே சொன்னாளாம். என் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை. அதை மற்றவர்கள் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டில் எங்கள் செடியில் ஒரு புள்ளிகூட இல்லையே என்று வாதாடினார்கள். இவள் உட்கார்ந்து இலை இலையாகத் திருப்பிக் காட்டினாள். இன்னொரு வீட்டுக்காரர் மருந்தடித்துப் பார்க்கிறேன் என்று நின்றார். நாற்று கொடுக்கும்போது வாங்கிக்கொண்டீர்கள் அல்லவா, இதையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பையை நீட்டினாளாம். மாலினி அக்கா வீட்டில்தான் சிக்கல் வந்தது. அக்கா பிடுங்கத் தடை சொல்லவில்லை. ஒரு பெரிய காயைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை மட்டும் அரிசிக்குள்ள வச்சுப் பழுக்க வைக்கிறன் பிள்ளை. ஒண்டே ஒண்டு. உன்ர விதைக்குத்தானே” என்றார்.

“இல்லீங்க அக்கா. ஒரு காய்னு ஆரம்பிச்சுத்தான் இங்க வந்து நிக்கறோம்” என்று அதையும் வாங்கிப் பையில் போட்டாளாம் சுமதி. அக்காதான் இதைப் பிறகு என்னிடம் சொன்னார்.

அதே சனிக்கிழமை காலை, காபியோடு என் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் சுமதி கொடுத்த ஒரே செடி, செங்கல் சுவரோரம். சுவரில் பட்டுத் திரும்புகிற வெயிலில் மற்ற எல்லா வீட்டுச் செடியையும்விட முந்திக்கொண்டிருந்தது. கீழே இரண்டு இலையில் திட்டு. கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், யாரும் பார்க்காதபோதும். பிறகு நிமிர்ந்து பார்த்தால், நடுக்கிளையில் ஒரு காயின் அடிப்பக்கத்தில் லேசாக ஆரஞ்சு நிறம். ஒன்பது வீட்டில் அந்த ஒரு காய்தான் பழுக்க ஆரம்பித்திருந்தது.

இப்போது என் புத்தி போன போக்கைப் பாருங்கள். ஐந்து நாள். ஐந்தே நாள் இந்தச் செடி நின்றால் பழம். பழத்துக்குள் விதை. காகிதத்தில் மடித்துச் சுமதி கையில் கொடுத்தால் நான் செய்ததற்கு ஓர் ஈடு. வந்தபின் பலிக்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மருந்தை எடுத்து நானே அடித்தேன். இரண்டு நாளாகக் காலையிலும் மாலையிலும் போய் இலை கிள்ளினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வயதான அமெரிக்கத் தம்பதி வரிசையாகப் பத்துத் தக்காளி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. ஞாயிறு காலை என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “கவுண்டர்ல உட்கார்ந்தா ஒரு ஆளு, பேக்யார்டுல வேற ஆளா?” என்றாள். உனக்குத் தெரியாது, சும்மா இரு என்றேன். அவள் லேபில் வேலை பார்க்கிறவள். எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.

உங்களுக்கும் இப்படி ஒரு செடி வாய்க்கும். வேறு யாருடைய செடியாக இருந்தாலும் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். உங்கள் செடிக்கு மட்டும் ஒரு நல்ல காரணம் இருக்கும். என் காரணம் எவ்வளவு நல்ல காரணம் என்று பார்த்தீர்கள்தானே. அந்த நல்ல காரணத்தைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

அன்று மத்தியானம் சுமதி வந்தாள். அவளுடைய பட்டியலில் ஒன்பதாவது வீடு நான். மறந்தே போயிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? என் மனைவி பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டு, “அங்கிள் பின்னாடிதான் இருக்கார், போய்ப் பாரும்மா” என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்ததும் கேட்டது.

சுமதி செடியைப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் மொட்டையாக இலை கிள்ளியிருந்ததைப் பார்த்தாள். நடுவில் ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் வெள்ளைப் பூசணம்.

நான் பேசத் தொடங்கினேன். நிறுத்தாமல் பேசினேன். அந்தக் காயைக் காட்டினேன். உன் விதைக்காகத்தான் வைத்திருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் பழுத்துவிடும், நானே பார்த்துக்கொள்கிறேன், மருந்தடித்திருக்கிறேன், ஒன்பது வீட்டில் இது ஒன்றுதான் மிச்சம் என்றேன். அவள் குறுக்கே பேசவில்லை. கடைசி வரைக்கும் கேட்டாள். வேறு ஏதாவது உண்டா என்பதுபோல் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, எட்டு வீட்டுக்காரர்களும் என்ன சொன்னார்கள், தான் என்ன பதில் சொன்னாள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மாலினி அக்கா கையிலிருந்து அந்தக் காயைப் பிடுங்கிய இடத்தில் மட்டும் நின்றாள். அப்புறம்தான், அந்த எட்டு வீட்டுக்கும் ஒரு சட்டம், உங்க வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டமுங்களா என்று கேட்டாள்.

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். சுருளிலிருந்து ஒரு பையைக் கிழித்து, உதறி, வாயை விரித்துப் பிடிக்கும்படி என் கையில் கொடுத்தாள். செடியைக் குச்சியோடு கட்டியிருந்த துணிக்கயிற்றை அவசரமில்லாமல் அவிழ்த்தாள். அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி, ஒரே இழுப்பு. வேர் மண்ணோடு வந்தது. செடி சாய்ந்தபோது அந்தக் காய் அவள் மணிக்கட்டில் வந்து இடித்தது, நிறம் ஏறிய பக்கம் மேலே. உள்ளங்கையில் அதைத் தாங்கினாள். கட்டைவிரலால் அதன் வரிகளை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு காம்பைக் கிள்ளாமல், செடியோடு செடியாகப் பைக்குள் இறக்கினாள். முடிச்சை நானாவது போடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அதை விலக்கிவிட்டு அவளே போட்டாள், இரண்டு முடிச்சு.